குதிரை பார்க்கப் போய் வேலி பார்த்த கதை

நெடுந்தீவுக்குப் போய் வந்தேன் என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "குதிரை கண்டியளோ?" கண்டேன், கூட்டமாகவே கண்டேன். ஆனால் நான் கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வை பார்த்தே காலம் தள்ளியவன். எங்கே போனாலும் கண் முதலில் சுவரில்தான் நிற்கும். அதனால் இந்தப் பதிவில் குதிரையை விடக் கல் கூடுதலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்கப் பஸ் ஏறினால் பண்ணை, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று போய், கடலுக்கு நடுவே போட்ட நீண்ட தெருவால் புங்குடுதீவுக்குள் நுழைந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் கொண்டுபோய் விடும். அங்கே இரண்டு வரிசை நிற்கும். ஒன்று நயினாதீவுக்கு: பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, அர்ச்சனைப் பை. மற்றது நெடுந்தீவுக்கு: அரிசி மூடை, காஸ் சிலிண்டர், கோழித்தீன், நாலைந்து சீமெந்துப் பை, ஒரு பிளாஸ்ரிக் கதிரை. எந்த வரிசையில் நிற்பது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். ஏழாத்துப்பிரிவு என்று சொல்லும் கடற்பகுதிக்கு வந்ததும் ஆட்டம் தொடங்கும். சோளகக் காற்றுக் காலத்தில் அது ஆட்டமில்லை, தண்டனை. நான் போனது பங்குனியில். கடல் பெரும்பாலும் படுத்துத்தான் கிடந்தது. ஆனாலும் முன்னால் இருந்த ஒரு அம்மா, ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவேயில்லை. ஊர்க்காரர்தான். பழக்கம் வேறு, பயம் வேறு போலிருக்கிறது.

இந்தக் கடலில் ஓடும் படகுகளில் குமுதினியின் பெயர் எங்கள் வயதுக்காரருக்கு வெறும் படகுப் பெயர் இல்லை. 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் போய்க்கொண்டிருந்த பயணிகள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவில் கால் வைக்கும் மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் அதைக் கடந்து நேராக ஓட்டோவைத் தேடிப் போகிறார்கள். இரண்டு நிமிடம் நிற்கலாம்.

துறையில் ஓட்டோக்காரத் தம்பி ஒருவரோடு பேசி, முழுத் தீவையும் சுற்றிக் காட்டுவதாக வாடகை முடித்துக்கொண்டேன். தீவு சுமார் 48 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஆட்கள் குடியிருப்பவற்றில் கடலுக்குள் கடைசியாகக் கிடப்பது. ஆள் குறைவு, 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாலாயிரம் பேர்கூட இல்லை. ஒல்லாந்தர் தங்கள் ஊர்களின் பெயரை எங்கள் தீவுகளுக்கெல்லாம் சூட்டினார்கள். வேலணைக்கு லைடன், காரைநகருக்கு அம்ஸ்ரடாம். அவையெல்லாம் வரைபடத்தோடு போய்விட, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் என்பது மட்டும் இன்றுவரை ஆங்கிலப் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

துறையிலிருந்து தெருவில் ஏறியதுமே வேலி தொடங்கிவிடுகிறது. முருகைக்கல் வேலி. கடலடியில் பவளப் பூச்சிகள் கட்டிய கல்லைத்தான் நாங்கள் முருகைக்கல் என்கிறோம். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, மண்கூட இல்லை. கல்லின் மேல் கல், அவ்வளவுதான். அடியில் பெரிய கல், மேலே போகப்போகச் சிறியது; அடி அகலம், முடி ஒடுக்கம். இடுப்பளவில் சில, நெஞ்சளவில் சில. வளவுக்கு, தோட்டத்துக்கு, கோயில் வீதிக்கு, ஒன்றுமே இல்லாத வெளிக்கு என்று இரண்டு பக்கமும் கூடவே வருகிறது.

யாழ்ப்பாணத்து வேலி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கிளுவை, பூவரசு என்று கதியால் நட்டு, ஓலை வைத்து அடைப்போம். வருடா வருடம் பழைய ஓலையைக் கழற்றிப் புதிது கட்ட வேண்டும். வேலி அடைப்பு என்றால் ஒரு நாள் கூலி, தேத்தண்ணி, அயலாரோடு ஒரு சண்டை. நெடுந்தீவில் அந்தச் சோலியே இல்லை. இங்கே மண்ணின் ஆழம் குறைவு. கொத்தினால் கல் வரும். பயிர் செய்ய வேண்டுமென்றால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? காணி ஓரத்தில்தான். அப்படிப் போட்டது ஆடு, மாடு, குதிரை உள்ளே வராமலும் தடுக்கிறது, கடல் காற்றையும் உடைக்கிறது. ஒரே வேலையில் மூன்று பலன். வேலைத்தளத்தில் இப்படி ஒரு யோசனையை யாராவது சொல்லியிருந்தால் நான் எழுந்து கைகொடுத்திருப்பேன்.

ஓட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு வேலியின் அருகில் போய்ப் பார்த்தேன். கல்லுக்குக் கல் நடுவே வெளிச்சம் தெரிகிறது. குறைபோலத் தோன்றும், ஆனால் அந்த ஓட்டைதான் வேலியைக் காக்கிறது. காற்று மோதித் தள்ளாமல் ஊடாலே போய்விடும். பூசி இறுக்கிய மதிலாக இருந்தால் ஒரு பெரும் புயலில் ஒரே துண்டாகச் சரியும். இது சரிந்தாலும் நாலு கல்தான் விழும்.

"அண்ணை, குதிரை அங்கால நிக்குது," என்றார் தம்பி, கொஞ்சம் கவலையாக. வாடகை பேசி ஏற்றிய ஆள் இப்படி வேலிக்கு வேலி இறங்கினால் அவருக்கும் நேரம் போகும்தானே.

கோட்டை வைத்தியசாலைப் பக்கத்தில் இருக்கிறது. பறங்கியர் (போர்த்துக்கேயர்) கட்டியது, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு ஒல்லாந்தர் கைக்கு வந்தது. கூரை இல்லை, தளம் இல்லை. தடித்த சுவர்களும் யன்னல் இருந்த பொந்துகளும் மட்டும் நிற்கின்றன. இங்கேயும் அதே முருகைக்கல்தான், ஆனால் சுண்ணாம்புச் சாந்து போட்டு. முருகைக்கல் எடை குறைந்த கல். புதிதாக எடுக்கும்போது இலகுவாக வெட்டலாம். காற்றில் காய்ந்தால் இறுகிவிடும். உள்ளெல்லாம் நுண்துளை என்பதால் வெயிலையும் உள்ளே விடாது. சுண்ணாம்புக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை, அதே கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் கோட்டையும் இதே கல்தான்.

இப்படிப்பட்ட பழைய சுவர்களின் வெடிப்புகளில் பின்னாளில் யாரோ சீமெந்து வைத்துப் பூசியிருப்பதை இந்தப் பக்கம் எங்கும் பார்க்கலாம். எனக்கு வயிறு எரியும். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன் மேல் சீமெந்தை அப்பினால் உள்ளே இருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் சுற்றியிருக்கும் கல்லைத்தான் தின்னும். பத்து வருடத்தில் சீமெந்துத் துண்டு மட்டும் நிற்கும், கல் மாவாகிவிடும். திருத்துவதென்றால் சுண்ணாம்பால் திருத்துங்கள். இல்லையென்றால் பேசாமல் விடுங்கள்.

புறாக்கூடு எனக்குப் பிடித்தது. வரிசை வரிசையாகப் பொந்துகள் வைத்த சிறிய கட்டடம். ஒல்லாந்தர் காலத்தில் தகவல் அனுப்பப் புறா வளர்த்த இடம் என்கிறார்கள். கோட்டையை விடச் சிறியது, கோட்டையை விட நல்ல வேலைப்பாடு. கட்டிய மேசன் யாரோ, அளவு தெரிந்த மனிதன்.

அதற்கும் பழையது வெடியரசன் கோட்டை. பெயர்தான் கோட்டை. போய்ப் பார்த்தால் வட்டமான கல் அடித்தளங்கள். கந்தரோடையில் இருக்கும் சிறு தூபிகளைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும், இவை பௌத்த தூபிகளின் எச்சம். ஊர்க்கதை வேறு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலேறி வந்தவன் மீகாமன். அவனை மறித்துப் போர் செய்தவன் இந்தத் தீவை ஆண்ட வெடியரசன். கண்ணகி அம்மன் வழிபாட்டோடு வந்த கதை இது. தூபி என்றதும் அது யாருடையது என்று இந்த நாட்டில் உடனே சண்டை பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். தமிழரிலும் பௌத்தர் இருந்தார்கள் என்பதை இரண்டு பக்கமும் மறந்துவிடுகிறது. எனக்கு அங்கே பட்டது வேறொன்று: அந்த வட்டத்தின் கல்லும், பத்தடி தள்ளி நிற்கும் வேலியின் கல்லும் ஒரே கல். இடிந்த கட்டடத்திலிருந்து எத்தனை கல் வேலிக்குப் போனது, பொறுக்கிய கல் எத்தனை கட்டடத்துக்குப் போனது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, குதிரை.

தெற்குப் பக்கம் திறந்த புல்வெளி. பங்குனி என்பதால் மாரித் தண்ணீர் குட்டைகளில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைச் சுற்றிக் குதிரைகள். மட்டமான உயரம், மண்ணிறம், கபிலம், இடையில் ஒன்றிரண்டு வெள்ளை. ஒரு குட்டி தாயின் வயிற்றடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஓட்டோச் சத்தத்துக்குப் பயப்படவில்லை. நான் இறங்கி நடந்ததும் மெல்ல விலகின. ஒரு ஆண் குதிரை மட்டும் நடுவே வந்து நின்று, நான் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தது.

இவற்றைக் காட்டுக்குதிரை என்று எழுதுகிறார்கள். உண்மையில் கட்டாக்காலிக் குதிரைகள். ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்தார்கள், ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் இங்கே குதிரை வளர்ப்பு நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலேய அரசின் அதிகாரி அதைப் பொறுப்பாகப் பார்த்தார். பிறகு குதிரைக்குத் தேவை போய்விட்டது, குதிரைகள் மட்டும் நின்றுவிட்டன. லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன, வரிசையாக, கூரையில்லாமல். அதுவும் முருகைக்கல் என்று சொல்லவும் வேண்டுமா?

2015 ஜூனில் தீவின் 1,846 ஹெக்டயரைத் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காகிதத்தில் நல்ல விசயம். ஆனால் குதிரைக்கு முதல் தேவை தண்ணீர். கோடையில் குட்டைகள் வற்றினால் குதிரைகள் செத்து விழுகின்றன. ஊருக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு. கிணறுகளில் பல உவர். "எங்களுக்கே பவுசரில தண்ணி வருது அண்ணை, அதுகள் என்ன செய்யும்," என்றார் தம்பி. ஆனாலும் கோடையில் அவர் வீட்டார் வேலிக்கு வெளியே ஒரு தொட்டி வைப்பார்களாம். வேலிக்கு உள்ளே விட்டால் தென்னம்பிள்ளை தப்பாது.

பெருக்கமரம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆபிரிக்க மரம், அராபிய வணிகரோடு வந்தது என்பார்கள். மன்னாரிலும் உண்டு. இங்குள்ளதன் அடிமரத்தில் பொந்து, உள்ளே நாலைந்து பேர் நிற்கலாம். நிற்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், பட்டையில் பெயர் வெட்டுகிறார்கள். பெயர் வெட்டியவர்களின் காதல் நிலைத்ததா தெரியாது, வெட்டு நிலைத்துவிட்டது. வளருங்கல் என்று ஒரு கல்லைக் கும்பிடுகிறார்கள். வருடா வருடம் வளர்கிறதாம். பெரிய காலடி ஒன்றும் காட்டினார்கள். எனக்குக் காலடியாகத் தெரியவில்லை. தம்பியின் முகத்துக்காகத் தலையாட்டினேன்.

மத்தியானம் வெயில் ஏறியதும் தம்பி என்னைத் தன் பெரியம்மா முறையான ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். வாசலில் படலை, இரண்டு பக்கமும் கல்வேலி. திண்ணையில் ஒரு ஆச்சி காலை நீட்டி இருந்து கடகம் (பனையோலைப் பெட்டி) இழைத்துக்கொண்டிருந்தார். "வாங்கோ மோனை, வெயிலுக்குள்ள நிக்காமல் உள்ள வாங்கோ," என்று சொன்னாரே தவிர கை நிற்கவில்லை.

அந்தக் கையைத்தான் நான் அன்று முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். பனங்குருத்தை வெட்டிக் காயவைத்து, ஈர்க்கைக் கழித்து, ஓலையை ஒரே அகலமாக வார்ந்து வைத்திருந்தார். அளவுகோல் எதுவும் இல்லை. நான் சட்டைப் பையிலிருந்த அளவுநாடாவை எடுத்து நாலைந்து வார்ப்பை அளந்து பார்த்தேன் (தொழில் வியாதி). வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்குள்தான். இழைக்கும் முன் தண்ணீர் தெளித்து ஓலையைப் பதமாக்குகிறார். அடியில் தொடங்கிக் குறுக்கும் மறுக்குமாக இழைத்துக்கொண்டே போய், மூலை வரும் இடத்தில் மடித்து எழுப்புகிறார். கடகத்துக்கு இரண்டு பின்னல் வேண்டும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. கடைசியில் பனை மட்டை நாரால் விளிம்பைச் சுற்றிப் பொத்த வேண்டும். அந்தப் பொத்தலில்தான் கடகத்தின் ஆயுள் இருக்கிறது. நாங்கள் சுவருக்கு மேல் பீம் போடுவதுபோல.

திண்ணையில் இன்னும் பல இருந்தன. சுளகு, மூடல்பெட்டி, குட்டான், நீத்துப்பெட்டி. எது நன்றாகப் போகிறது என்று கேட்டேன். நீத்துப்பெட்டிதானாம். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வருகிறவர்கள் பிட்டு அவிக்கக் கொண்டு போகிறார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குச் சாயம் போட்ட சின்னப் பெட்டிகள் வேண்டும். "உந்த றோஸ் கலரும் பச்சையும் எனக்குக் கண்ணில காட்டக்கூடாது," என்றார் ஆச்சி. "ஆனா அதைத்தான் கேக்கினம். கடகம் கேக்கிறதுக்கு ஆளில்லை. எல்லாரிட்டையும் பிளாஸ்ரிக் வாளி." கடகம் முடிக்க நேரம் கூட, கிடைப்பது சில நூறு ரூபாய். பிறகு ஏன் இழைக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வாசலில் இரண்டு கடகம் நெல் நிறைந்து நின்றது. அவர்கள் வீட்டுப் பாவனைக்கே வேண்டுமே.

வேலியைப் பற்றிக் கேட்டேன். "உங்கட வேலி ஆர் கட்டினது ஆச்சி?"

"ஆருக்குத் தெரியும். நான் கலியாணம் முடிச்சு வரேக்கையும் உது உப்பிடித்தான் நிண்டது. விழுற கல்லை எடுத்து வைக்கிறதுதான் எங்கட வேலை."

இடப்பெயர்வின்போது ஊரைவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக் கூரை போயிருந்ததாம். பனஞ்சிலாகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேலி மட்டும் நின்றது. இரண்டு இடத்தில் மாடு தள்ளிய பொட்டு, அவ்வளவுதான். அதைச் சொல்லும்போதும் கை இழைத்துக்கொண்டே இருந்தது.

தம்பியின் வீட்டு முன்வேலி மட்டும் சீமெந்துக் கல் மதில். புதிது, வெள்ளைப் பூச்சு. ஏன் என்று கேட்டேன். கல்வேலிக்குள் பாம்பு குடியிருக்கிறது, பிள்ளைகள் ஏறி விளையாடினால் கல் காலில் விழுகிறது, விழுந்ததைத் தூக்கி அடுக்கத் தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், பொடியன்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும். அவர் சொன்னது எல்லாம் நியாயம். நானே என் வீட்டுக்குச் சீமெந்துக் கல் மதில்தான் கட்டியிருக்கிறேன். அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று மட்டும் சொன்னேன்: உடைத்த கல்லை லொறியில் ஏற்றி விற்காமல் வளவின் பின்பக்கத்தில் குவித்து வையுங்கள். முருகைக்கல் தோண்டுவது இப்போது சட்டப்படி தடை. போன கல்லுக்குப் பதில் கல் வராது.

கோட்டை, தூபி, புறாக்கூடு எல்லாம் தொல்லியல் பட்டியலில் வரும், பலகை நிற்கும். வேலிக்குப் பலகை இல்லை. யாரோ ஒருவர் கட்டியதில்லை என்பதால் யாரும் கணக்கில் எடுப்பதுமில்லை. என்னைக் கேட்டால், இந்தத் தீவில் இதுவரைக்கும் பாவனையில் இருக்கும் பழைய கட்டுமானம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பார்க்க நிற்பவை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே துறையில் கேட்டுவிடுங்கள். கடலைப் பார்த்து நேரம் மாறும். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும், ஊரில் இருக்கிற கொஞ்சத்தையும் நாம் குடிக்கக்கூடாது. கடற்கரையில் செருப்போடு நடங்கள், இராவணன் மீசை என்ற முட்புல் காலைக் கிழித்துவிடும். குதிரைக்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள். படம் எடுப்பதற்காகக் கல்வேலியில் ஏறி இருக்காதீர்கள். விழுந்தால் அடுக்க ஆளில்லை.

கடகம் வாங்குவதானால் நிறத்தைப் பார்க்க வேண்டாம். விளிம்பு நாரை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.